முற்றத்துக் கிணறு

நம் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கிறதே, மலையடிவாரத்தில் மூன்று படியாக இறங்கும் வெள்ளை வீடு, அந்த வீட்டை வடிவமைத்தவன் நான்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களில் பாதிப் பேர் என்னிடம் வந்து, "அந்த முற்றம் எப்படி சார் தோணுச்சு?" என்று கேட்டிருக்கிறீர்கள். காற்று, நிழல், சரிவு என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது ஓய்வு பெற்று, விசா கேன்சல் ஆகி, துபாய் குசைஸ் ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டுத் திருச்சியில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வந்திருப்பவர்களுக்கு அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். எப்படி வரைவது என்பதை எழுதப் போவதில்லை, அதற்கு உங்களிடம் சாஃப்ட்வேர் இருக்கிறது. அந்தப் படத்தில் முற்றத்தின் நடுவே வட்டமாக ஒரு கல்மேடை தெரியும். அதன் அடியில் ஒரு கிணறு இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எமிராத்திப் பெரியவர். சைட்டில் எல்லோரும் அவரை அர்பாப் என்றுதான் சொல்வார்கள், முதலாளி என்று அர்த்தம். குடும்பத்தோடு ஸ்பெயின், கிரீஸ் என்று சுற்றிவிட்டு வந்தவர் போனில் இருநூறு படம் வைத்திருந்தார். வெள்ளைச் சுவர், வளைவு வாசல், நீலக் கதவு, சுவரில் படர்ந்த காகிதப்பூ, முற்றத்தில் ஆலிவ் மரம். இதே மாதிரி வேண்டும் என்றார். நிலம் ஃபுஜைராவுக்குப் போகும் மலைப்பாதையில் இருந்தது, அவருடைய அப்பா காலத்துப் பேரீச்சந் தோட்டம். மரமெல்லாம் பட்டுப்போய் மொட்டை அடிமரங்கள் நின்றன. சரிவில் கல் அடுக்கிப் படிக்கட்டு மாதிரி சமமாக்கிய மூன்று வரப்புகள், அங்கேயே முளைத்த முள்மரங்கள் ஏழெட்டு, நடுவரப்பில் ஒரு கிணறு.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்போது நம் அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பெயர் வேண்டாம். எந்த ஊர்க்காரர் என்றும் வேண்டாம். கோடு போடவே அவரிடம்தான் கற்றேன். அர்பாபின் படங்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது நினைவிருக்கிறது. அந்தக் கடற்கரை வீடுகளை அழகுக்காக யாரும் கட்டவில்லை. வெயிலுக்குப் பயந்த ஏழைக் குடியானவன், சரிவை வெட்டச் சக்தியில்லாமல், கைக்குக் கிடைத்த கல்லை வைத்துக் கட்டியது. அவன் பயத்தைப் புரிந்துகொண்டு வரை, அவன் கதவின் நிறத்தைக் காப்பியடிக்காதே என்றார். இன்றைக்கும் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பின்னால் அவரிடம் வேறொரு பாடமும் கற்றேன். அதற்கு வருகிறேன்.

மூன்று வாரம் பென்சிலைத் தொடவில்லை. காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் போய் நிலத்தில் நின்றேன். மேற்கு வெயில் எந்தப் பாறையில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிறது, மழை வந்தால் ஓடை எந்தப் பக்கம் திரும்பும், பள்ளத்தாக்கிலிருந்து சாயங்காலக் காற்று எந்த வழியாக ஏறுகிறது என்று பார்த்தேன். காண்ட்ராக்டர் புல்டோசரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "ஒரே நாள்ல சமமாக்கிடலாம், யல்லா" என்றான். மல்லுக்கு நின்று அதைத் திருப்பி அனுப்பினேன். வீடு மூன்று வரப்பிலும் மூன்று படியாக இறங்கியது. மேற்கே கண்ணாடி வைக்கவில்லை. அர்பாப் கேட்ட அறுபது ஆலிவ் மரத்தை மூன்றாகக் குறைத்து, முள்மரங்களை இருந்த இடத்திலேயே விட்டு, சுவரை அவற்றுக்காக வளைத்தேன். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெருமை இல்லாதவன் வீடு வரையமாட்டான், ஆனால் அது எந்த நேரத்தில் காலை வாரும் என்று அவனுக்கே தெரியாது.

கிணற்றை அர்பாபுக்குப் பிடிக்கவில்லை. பேரப்பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள், மூடிவிடு என்றார். நான்தான் விடவில்லை. வீடு முழுக்க அந்தக் கிணற்றைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்தால் இது வெறும் வெள்ளைப் பெட்டி என்று அரை மணி நேரம் வாதாடினேன். உள்ளே அவருடைய தாத்தா காலத்துக் கல்கட்டு இருந்தது, பாதி ஆழத்தில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குக் கல்திட்டு. அதற்குக் கீழே இருந்த கல்கட்டைத் தண்ணீர் மறைத்துக்கொண்டிருந்தது. தண்ணீரை இறைத்துக் காட்டினால் மயங்கிவிடுவார் என்று நம்பினேன். கடைசியில் அவர், "வியாழக்கிழமை மதியம் என் சகோதரர்களோடு வருகிறேன். அவர்களும் பார்க்கட்டும். பிடித்தால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் கலாஸ், மூடிவிட வேண்டியதுதான்" என்றார்.

அது ஜூன் மாதம். அந்த வெயிலில் பிளாக் கட்டுகிற ஆட்களைப் பார்த்தால் வயிறு எரியும். பன்னிரண்டரைக்கு வேலையை நிறுத்த வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், பத்து மணிக்கே கம்பியைத் தொட முடியாது. அந்தக் கூட்டத்தில் சிவகங்கைப் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். பாண்டி, அவன் தம்பி சேகர், அதே ஊர்க்காரன் காளிமுத்து. பாண்டிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் கிணறு வெட்டுகிற வேலை பார்த்தவன். சைட்டில் அவர்களைத் தவிரத் தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்பதால் என்னைப் பார்த்தால் முகம் மலரும்.

போர்மேன் ஒரு பட்டாணியர், பெஷாவர் பக்கம். கிணற்று வேலைக்கு ரெண்டு ஆள் வேண்டும் என்றதும் யாரையோ கூப்பிடப் போனார். நான் இந்தியில், "நம்ம பாண்டியையும் காளிமுத்துவையும் போடுங்க, அவங்களுக்குக் கிணறு தெரியும்" என்றேன். கிணறு தெரியும் என்பது உண்மை. ஆனால் நான் கேட்டது அதற்காக மட்டும் அல்ல. கிணற்றுக்குள் குளிர்ச்சியாக இருக்கும். வெளியே நாற்பத்தாறு டிகிரியில் மற்றவர்கள் வேகும்போது நம் ஊர் ஆட்கள் ரெண்டு பேராவது நிழலில் இருக்கட்டும் என்று நினைத்தேன். பாண்டி அன்று மாலை என் காரருகே வந்து, "ரொம்ப நன்றி சார், ஏசில வேல குடுத்த மாதிரி இருக்கு" என்றான். வளைகுடாவில் நாம் ஒருவருக்கொருவர் செய்கிற சலுகை இப்படித்தான் இருக்கும். நல்ல டூட்டி, நிழல் டூட்டி, ஒருநாள் முன்னால் லீவு. வாங்கிக்கொண்டவன் அதை மறக்கமாட்டான். அடுத்த முறை நாம் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டான். அன்றைக்கு நான் இதை யோசிக்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தண்ணீருக்குள் போட்டிருந்த கரண்ட் மோட்டார் எரிந்துபோனது. ஷார்ஜாவிலிருந்து வேறு மோட்டார் வியாழன் மாலைதான் வரும் என்றார்கள். அர்பாப் வருவதோ மதியம். சைட்டில் ஒரு பெட்ரோல் எஞ்சின் பம்ப் கிடந்தது. அதை மேலே வைத்தால் அத்தனை ஆழத்திலிருந்து உறிஞ்சாது. கீழே அந்தக் கல்திட்டில் வைத்தால் உறிஞ்சும்.

வியாழன் காலை நான் துபாயிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தேன். வழியில் தைத் என்ற ஊரைத் தாண்டும்போது போர்மேன் போன் செய்தார். "சாப், ஆதமி நஹி மான்தா" என்றார், ஆள் சம்மதிக்க மாட்டேன் என்கிறான் என்று. போனை அவனிடம் கொடுங்கள் என்றேன்.

"சார், நான் பாண்டி. எஞ்சினை உள்ள எறக்கச் சொல்றாங்க சார். வேணாம் சார். பொகை வெளிய வராது, அங்கனயே தங்கும். எங்க ஊர்ல ரெண்டு பேரு போயிருக்காங்க சார் இப்படி."

"அரை மணி நேரம்தான் பாண்டி. நீ எஞ்சினை ஓடவிட்டுட்டு உடனே மேல வந்துடு. தண்ணி இறங்கினதும் போதும்."

"நிப்பாட்ட எறங்கணும்ல சார்."

"பெட்ரோல் தீர்ந்தா அதுவா நிக்கும். கொஞ்சமா ஊத்து. அர்பாப் ரெண்டு மணிக்கு வந்துடுவாரு. எனக்காகப் பண்ணுப்பா."

"சரி சார். நீங்க சொன்னா சரி."

இவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிஷம்கூட இருக்காது. தமிழில் பேசினோம். பக்கத்தில் நின்ற போர்மேனுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவன் அங்கே காளிமுத்து ஒருத்தன்தான். சேகர் அப்போது மேல்வரப்பில் பிளாக் அடுக்கிக்கொண்டிருந்தான்.

தம்பிகளே, தங்கைகளே, தொழிலில் பெரிய தப்பெல்லாம் வரைபடத்தில் நடக்கும் என்று நினைக்கிறீர்கள். வரைபடத்தை நாலு பேர் பார்ப்பார்கள், திருத்துவார்கள். வண்டி ஓட்டிக்கொண்டே சொல்கிற சம்மதத்தை யாரும் பார்ப்பதில்லை. வேலை தெரிந்தவன் வேண்டாம் என்று சொன்னான், ஏன் வேண்டாம் என்றும் சொன்னான். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. எனக்காகப் பண்ணு என்றேன்.

நான் சைட்டுக்குள் நுழைந்தபோது கூச்சல் கேட்டது. எஞ்சின் நின்றிருந்தது. பெட்ரோல் தீரவில்லை, குழாய் கழன்று தண்ணீர் வராமல் வெறுமனே ஓடியிருக்கிறது. அதைச் சரிசெய்ய பாண்டி நூலேணியில் இறங்கி எஞ்சினை நிறுத்தியிருக்கிறான். நிறுத்தியவன் அப்படியே சாய்ந்துவிட்டான். ஏதோ கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று நினைத்துக் காளிமுத்து பின்னாலேயே இறங்கியிருக்கிறான். பாண்டியின் கையைப் பிடித்துத் தூக்கியவன் தானும் மயங்கித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டான். எட்டிப் பார்த்தேன். அவனுடைய மஞ்சள் ஹெல்மெட் மட்டும் மிதந்தது. பாண்டி திட்டின்மேல் மல்லாந்து கிடந்தான். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குறட்டைச் சத்தம் மாதிரி மூச்சு மேலே வரைக்கும் கேட்டது.

சிவில் டிஃபன்ஸ் மீட்புப் படைக்குப் போன் செய்யச் சொன்னேன். அதற்குள் சேகர் ஓடிவந்துவிட்டான். வந்த வேகத்தில் துண்டைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் கட்டினான்.

"தள்ளுங்க சார். ரெண்டே நிமிசம். தூக்கிட்டு வந்துர்றேன்."

ஈரத்துணி தூசிக்கு ஆகும். இந்தப் புகைக்கு ஆகாது. அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இறங்கினால் மூன்றாவது ஆளும் போவான். இது ஒரு நொடியில் எடுக்க வேண்டிய முடிவு, எடுத்தேன். "இவனைப் பிடிங்க" என்று இந்தியில் கத்தினேன். நாலு பேர் பிடித்தார்கள். அவன் உதறிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். நானே அவன் சட்டையைப் பிடித்து இழுத்து மண்ணில் தள்ளி, நூலேணியைச் சுருட்டி மேலே எடுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"மூச்சு விடுறான் சார். பாருங்க, மூச்சு விடுறான். ஏணியக் குடுங்க சார்."

"வண்டி வந்துட்டு இருக்கு சேகர். அவங்க சிலிண்டரோட இறங்குவாங்க."

"அதுவரைக்கும் தாங்குமா சார்? நீங்க சொல்லுங்க, தாங்குமா?"

கயிற்றில் கொக்கி கட்டிப் பாண்டியின் இடுப்பு பெல்ட்டில் மாட்டப் பார்த்தோம், மாட்டவில்லை. பாறை உடைக்கிற கம்ப்ரஸரை இழுத்துவந்து அதன் ஹோஸைக் கிணற்றுக்குள் விட்டுக் காற்றடித்தோம். ஹோஸ் பாதிக்குமேல் எட்டவில்லை. மலைப்பாதையில் வண்டி வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த மூச்சுச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியும். சேகருக்கும் தெரியும். நின்றபின் அவன் திமிறவில்லை, பிடித்திருந்தவர்களும் கையை எடுத்துவிட்டார்கள்.

சேகரைத் தடுத்தது சரியா என்று இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். சரிதான். நாளைக்கு அப்படி ஒரு இடத்தில் நீங்கள் நின்றால் அதையே செய்யுங்கள். குழிக்குள் ஒருவன் விழுந்தால் பின்னால் இறங்குகிறவனை அடித்தாவது நிறுத்துங்கள். அவன் உங்களைச் சபிப்பான், சபிக்கட்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் செய்த அந்தச் சரியான காரியம்தான் எனக்கு மறைவிடமாக ஆனது.

போலீஸ் வந்தது, விசாரணை நடந்தது. போர்மேன் உள்ளதைச் சொன்னார். என்ஜினியர் சாப் அவனோடு பேசினார், பிறகு அவன் இறக்கினான், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது என்றார். என்னிடம் கேட்டார்கள். "எஞ்சினை மேலேயே வைத்து முயற்சி செய், கவனமாக இரு என்று சொன்னேன்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்ததும் தானாக வந்துவிட்டது. வந்தபின் அதைத் திருப்பி எடுக்கத் தைரியம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து என் குரு ஓர் அறிக்கையை மேஜைமேல் வைத்தார். தொழிலாளர்கள் இருவரும் யாருடைய அனுமதியும் இல்லாமல் தாங்களாகவே எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கினார்கள் என்று அதில் எழுதியிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள், இருபது வருஷம் என்னைப் பார்த்தவர். "செத்தவர்கள் திரும்பி வரமாட்டார்கள். உனக்கு ரெண்டு பெண்கள் ஸ்கூலில் படிக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்தால் என்ன செய்வாய்?" என்றார். நிலத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த அதே குரல்தான். நான் கையெழுத்துப் போட்டேன். போர்மேனின் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை.

எனக்கோ பாராட்டு. மூன்றாவது உயிரைக் காப்பாற்றியவர் என்று காண்ட்ராக்டர் ஆபீஸில் சான்றிதழ் கொடுத்தார்கள். சேஃப்டி வகுப்புகளில் என் கதையைச் சொன்னார்கள். நானே இரண்டு தடவை போய்ப் பேசியிருக்கிறேன். நூலேணிமேல் உட்கார்ந்ததைச் சொல்லும்போது கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். போன் பேச்சை நான் சொன்னதில்லை.

உடல்கள் ஊருக்குப் போகிற அன்று கார்கோ ஆபீஸ் வாசலில் சேகர் என்னிடம் கேட்டான். கூடவே போகிறவன் அவன்தான். கையில் அண்ணனுடைய போன், பர்ஸ், ஒரு ஜோடிச் செருப்பு இருந்த பிளாஸ்டிக் பை.

"சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எஞ்சினை உள்ள எறக்கச் சொன்னது யாரு? அண்ணன் எறக்க மாட்டானே சார். ஊர்ல ஆளுகளுக்குப் புத்தி சொன்னவன் அவன்."

பக்கத்தில் நம் ஆபீஸ் பிஆர்ஓ நின்றிருந்தார். அவர் நிற்காவிட்டாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"தெரியல சேகர். அவங்களே இறக்கிட்டாங்க போல."

அவன் என்னையே பார்த்தான். பிறகு, "சரி சார்" என்றான். அண்ணன் சொன்ன அதே மாதிரி.

வீடு முடிந்தது. கிணற்றை வாய்வரை கல் போட்டு மூடி மேலே மேடை கட்டச் சொல்லிவிட்டார் அர்பாப். அந்த மேடையில் யாரும் உட்காரக் கூடாது என்று வீட்டாருக்குச் சொல்லிவைத்திருந்ததாகக் கேள்வி. பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போனார்கள். நிலத்தை நோகடிக்காத வீடு என்று எழுதினார்கள். அந்தப் பக்கத்தை வெட்டிப் பத்திரப்படுத்திக்கொண்டேன். மனுஷப் பிறவி அப்படித்தான் போலிருக்கிறது.

பத்து வருஷத்துக்குமேல் ஓடிவிட்டது. ஓய்வு பெறுகிற நேரத்தில் வேறொரு சைட்டில் சாரம் கட்டுகிற தமிழ் ஆள் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, சேகர் ஓமான் நாட்டுச் சோஹாரில் இருக்கிறான் என்று தெரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எனக்கே தோன்றியது. இருந்தாலும் துபாயைவிட்டுக் கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை பார்டரைத் தாண்டி ஓமானுக்குள் வண்டியை ஓட்டினேன். நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கேம்ப். வருவதாகப் போனில் சொல்லியிருந்தேன், வாசலிலேயே நின்றிருந்தான். முன்பக்கம் நரைத்திருந்தது. சாரம் கட்டுகிற ஆட்களுக்கு இப்போது அவன்தான் போர்மேன். எதிரே கேரளாக்காரர் கஃபடீரியாவுக்குக் கூட்டிப்போய் நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்தான். டீ சொன்னான், வேண்டுமா என்றும் கேட்காமல் பரோட்டா சொன்னான். நான் வாயெடுப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"அன்னிக்கு உங்களக் கொல்லணும்னு இருந்துச்சு சார். ரொம்ப நாளு அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் கல்யாணம் ஆச்சு, ரெண்டு புள்ளைங்க. சின்னவ பொறந்தப்பதான் தோணுச்சு, சார் அன்னிக்கு ஏணியச் சுருட்டலேன்னா இவ இல்லையேன்னு. வந்து கையெடுத்துக் கும்புடணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க."

இதைக் கேட்டபின் சும்மா எழுந்து வந்திருக்கலாம். அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது என்று ஒரு மனம் சொல்லிற்று. அந்த மனத்தின் பேச்சைத்தான் பத்து வருஷமாகக் கேட்டேன். ஆகவே சொல்லிவிட்டேன். தைத் ஊரைத் தாண்டும்போது வந்த போன், பாண்டி வேண்டாம் என்றது, நான் எனக்காகப் பண்ணு என்றது, அவன் சரி என்றது, அறிக்கையில் போட்ட கையெழுத்து, கார்கோ ஆபீஸ் வாசலில் சொன்ன பொய். ஒன்று விடாமல் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று.

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அண்ணன் வேணாம்னு சொன்னானா சார்? அவன் வாயால சொன்னானா?"

"சொன்னான். பொகை தங்கும்னு சொன்னான். உங்க ஊர்ல ரெண்டு பேர் போயிருக்காங்கன்னு சொன்னான்."

அவன் குரல் உயரவே இல்லை.

"நீங்க சொன்னதைத்தான் சார் ஊர்ல போயிச் சொன்னேன். அவங்களே எறக்கிட்டாங்கன்னு. காளிமுத்து பொண்டாட்டி எங்க வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துனா. கெணறு தெரிஞ்சவன்னு நம்பித்தான எம்புருசன் கூடப் போச்சு, கொண்டுபோயிக் கொன்னுட்டானேன்னு. எங்காத்தா ஒரு வார்த்த பேசல. வருசா வருசம் அறுப்பு முடிஞ்சதும் ஒரு மூட்ட நெல்ல அவ வாசல்ல எறக்கிவச்சுட்டு வரும். அவ தொடமாட்டா. அப்படியே கெடந்து கோழி திங்கும். வீட்ல அண்ணன் படத்த மாட்டவே விடல சார். புத்திகெட்ட பய, இன்னொருத்தி தாலியையும் அறுத்துட்டுப் போனானேன்னு சொல்லிச் சொல்லியே ரெண்டு வருசத்துக்கு முன்னால போயிச் சேந்துச்சு."

நான் வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான்.

"ஆத்தாகிட்ட இனிமே யாரும் சொல்ல முடியாது. காளிமுத்து பொண்டாட்டி இருக்கா. ஊர்லதான் இருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டா, அண்ணனுக்காகப் பேசுறேன்னுவா. நீங்க போயிச் சொல்லணும் சார். அவ முன்னால நின்னு, பாண்டி வேணாம்னுதான் சொன்னான், நான்தான் எறக்கச் சொன்னேன்னு சொல்லணும். எனக்காகப் பண்ணுங்க."

கடைசி இரண்டு வார்த்தையை அவன் வேண்டுமென்றே சொல்லவில்லை. வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் சொன்னான். "சரி" என்றேன். கல்லாவில் ஒரு துண்டுச் சீட்டு வாங்கி ஊர் பெயரும் தெருவும் எழுதிக் கொடுத்தான். வண்டிவரை வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனான். அதற்குப்பின் அவன் போன் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

திருச்சியிலிருந்து அந்த ஊருக்கு மூன்று மணி நேரம். மத்திய பஸ் ஸ்டாண்டில் ஏறி ஒரு இடத்தில் மாற வேண்டும். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்ட் வரை போயிருக்கிறேன். ஒரு தடவை டிக்கெட்டும் எடுத்துவிட்டு, வண்டி கிளம்புமுன் இறங்கிவிட்டேன். ஊருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இதை உங்களுக்கு எழுத ஒரே வாரம்தான் ஆயிற்று. அந்த அம்மாள் வாசலுக்கு நான் இன்னும் போகவில்லை.